சுட்ட துணியைப் பொறுக்குங்கள்: இடியனில் உருண்டைக் குண்டுக்குச் சுற்றும் துணியைக் காப்பாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

வைகாசியில் ஒரு விடியற்காலை, கனடாவில் இருக்கும் தங்கை மகன் கைப்பேசிக்கு மூன்று படங்கள் அனுப்பியிருந்தான். மூன்றிலும் புல்லின்மேல் கந்தல் கிடந்தது. ஒன்றில் நடுவே பழுப்பு விளிம்போடு ஓர் ஓட்டை. இன்னொன்று கத்தரியால் வெட்டியதுபோல ஐந்தாறு இடங்களில் பிளந்திருந்தது. மூன்றாவது துணியா தும்பா என்றே தெரியவில்லை. கீழே ஒரு வரி: “மாமா, 50 மீற்றரில் ஒரு சாண் அகலத்துக்குள்கூடக் குண்டுகள் சேர்ந்து விழவில்லை. துவக்கு பழுதோ?”

துவக்கில் பழுதில்லை. அதற்கான சாட்சியை அவனே படம்பிடித்து அனுப்பியிருந்தான். ஒன்ராறியோவில் நான் இருந்த பதினொரு ஆண்டுகளில், சனிக்கிழமைகளில் ஒரு சுடுதளத்துக்குப் போவேன். வாய்வழியாக மருந்தை இடித்து நிரப்பிச் சுடும் துவக்குத்தான் இடியன். குழலுக்குள் புரி ஓடும் புரிக்குழல் இடியனை எனக்குப் பழக்கிய கிழவர் முதல் நாளே சொன்னது இதுதான்: சுட்டு முடித்ததும் குறிப்பலகையைப் பார்க்காதே, முன்னால் நடந்துபோய், குண்டோடு வெளியே வந்து விழுந்த துணியைப் பொறுக்கு. இப்போது ஒட்டுசுட்டானில் அப்பாவின் காணிக்குத் திரும்பிவிட்டேன். அந்தத் துவக்கையும் விற்றுவிட்டேன். குனிந்து பொறுக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. மருமகனுக்குத் துண்டு துண்டாக எழுதிய பதில்களைச் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

துணி அங்கே என்ன வேலை செய்கிறது?

வன்னியில் இடியனை அறியாதவர் குறைவு. குழலின் வாய்வழியாகக் கருமருந்து என்ற வெடிமருந்தைக் கொட்டி, தென்னந்தும்பை இடித்து இறக்கி, சன்னங்களைப் போட்டு, மேலே மறுபடியும் தும்பை இடித்து அடைப்பார்கள். குழலின் உட்புறம் வழுவழுப்பாக இருக்கும். மருமகனிடம் இருப்பதும் வாய்வழியாக நிரப்பும் துவக்குத்தான். ஆனால் அதன் குழலுக்குள் திருகாணியில் இருப்பதுபோலப் புரி ஓடுகிறது. மேடும் பள்ளமுமாகச் சுற்றிச்செல்லும் அந்தப் புரிதான் குண்டைச் சுழற்றி அனுப்புகிறது. சுழலும் குண்டு தடம் மாறாமல் போகும்.

சிக்கல் என்னவென்றால், ஈயக் குண்டு புரியைத் தொடுவதே இல்லை. தொடும் அளவுக்குப் பெரிதாக இருந்தால் வாய்வழியாக இறக்க முடியாது. ஆகவே குழலைவிடச் சற்றுச் சிறிய குண்டை எடுத்து, எண்ணெய் அல்லது கொழுப்பு ஊறிய துணியில் பொதிந்து இறக்குகிறோம். இங்கே இதைச் சுற்றுத்துணி என்று அழைக்கிறேன். புரியைப் பிடித்துக் குண்டைச் சுழற்றுவது இந்தத் துணி. பின்னாலிருந்து வரும் வாயு பக்கவாட்டில் தப்பாமல் தடுப்பதும், குண்டு மருந்தைவிட்டு நகராமல் பிடித்திருப்பதும் இதுவே. ஒரு சதத்துக்குப் பெறாத துணித்துண்டு கிழிந்தால், விலை கொடுத்து வாங்கிய குழல் வெறும் குழாய்தான்.

அந்தக் காலத்துப் படைகளுக்கும் இந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டிலிருந்து கற்சிலைமடு தூரமில்லை. 1803 ஒக்டோபர் 31 அன்று வன்னி அரசன் பண்டார வன்னியனைப் பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் அங்கே தோற்கடித்ததாகப் பொறித்த கல்லைப் பற்றி இங்குள்ள பிள்ளைகளுக்கும் தெரியும். அந்நாளில் பிரித்தானியக் காலாட்படையின் பொதுத் துவக்கான பிரவுண் பெஸ்ஸின் குழல் ஏறத்தாழ 19 மில்லிமீற்றர், குண்டு 17.5 மில்லிமீற்றர். துணி கிடையாது, காகிதம்தான். விரைவாக நிரப்பலாம், குறி மட்டும் கடவுள் விட்ட வழி. அதே படை 1800இல் எடுத்துக்கொண்ட பேக்கர் என்ற புரிக்குழல் துவக்கின் பிடியில், சுற்றுத்துணி வைப்பதற்கென்றே பித்தளை மூடியோடு ஒரு சிறு பெட்டி குடைந்திருந்தார்கள்.

மேலே போகுமுன் ஒரு சொல். இலங்கையில் இடியனுக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். கட்டுத்துவக்கு சட்டவிரோதமானது. வரம்பால் நடந்துபோகிறவனின் காலைப் பறிக்கும் அந்தப் பொறிக்கும் இந்தக் கட்டுரைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

முதற்படி: பொறுக்கி, விரித்து, பாருங்கள்

சுற்றுத்துணி பெரும்பாலும் குழல்வாயிலிருந்து 5 முதல் 15 மீற்றருக்குள் விழுந்துகிடக்கும். சுடுதளத்தில் எல்லாரும் சுடுவதை நிறுத்திய பிறகு மட்டும் போய் எடுங்கள். ஒன்றை வைத்து முடிவுக்கு வர வேண்டாம், ஐந்தாறாவது வேண்டும். அவற்றை ஒரு பலகையில் வரிசையாகப் பரப்பி, எந்தச் சூட்டுக்கு எது என்று எழுதிவையுங்கள்.

நல்ல துணி எப்படியிருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், கெட்டது பிறகு தானாகத் தெரியும். அது பூ விரிந்ததுபோல வட்டமாகக் கிடக்கும். மருந்துப்பக்கம் நடுவில் சாம்பல் கறுப்பாக இருக்கும், ஆனால் இழை அறுந்திராது. நடுவட்டத்தைச் சுற்றிக் கருமையும் வெளிறலும் மாறிமாறி வரும் கோடுகள் இருக்கும். அவை புரியின் மேடும் பள்ளமும் பதிந்த தடங்கள். ஓரத்தில் நூல் கொஞ்சம் பிரிந்திருக்கலாம், அது குற்றமில்லை. இரு கையாலும் இழுத்தால் தாங்க வேண்டும்.

நடுவில் ஓட்டை விழுந்து விளிம்பு பழுப்பாக, தொட்டால் பொரிந்து உதிர்ந்தால், அது நெருப்பு தின்ற ஓட்டை. துணி மெலிது, அல்லது பழையது, அல்லது கொழுப்புப் போதாது, அல்லது மருந்து கூடிவிட்டது.

நடு நன்றாக இருந்து, கோடுகள் இருக்கும் அந்த வளையத்தில் மட்டும் கருகியிருந்தால், வாயு பக்கவாட்டில் பள்ளங்களின் வழியே பாய்ந்திருக்கிறது. குண்டும் துணியும் சேர்ந்து குழலை நிரப்பவில்லை என்பதே இதன் பொருள். இங்கே துணியின் தரத்தைச் சந்தேகிக்கும்முன் அதன் தடிப்பைச் சந்தேகியுங்கள்.

அதே வளையத்தில் நேரான, சுத்தமான வெட்டுகள் ஒரே இடைவெளியில் இருந்தால், அவற்றை எண்ணுங்கள். குழலில் எத்தனை மேடுகளோ அத்தனை வெட்டுகள் என்றால் திருடன் அகப்பட்டுவிட்டான். கூரான விளிம்பு ஒன்று துணியை அறுக்கிறது. அறுத்த வழியே நெருப்பும் புகுந்து வெட்டின் ஓரம் கருகியிருக்கக்கூடும். பலர் அதை எரிந்த ஓட்டை என்று எண்ணி, வாரக்கணக்கில் எண்ணெயை மாற்றிக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படி ஒரு கோடைகாலத்தை வீணாக்கியவன்.

மொத்தமும் நார்நாராகிவிட்டால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. துணியே இற்றுப்போயிருக்கலாம், மேலே சொன்ன குறைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தும் இருக்கலாம். அடுத்த படியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துவாருங்கள்.

இரண்டாம் படி: துணியைத் தேர்ந்தெடுத்தல்

நூற்றுக்கு நூறு பருத்தி, அல்லது லினன். இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. செயற்கை இழை கலந்தால் வெப்பத்தில் உருகிக் குழலில் ஒட்டும். கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். இங்கே ஒரு கடையில் “அசல் பருத்தி, ஐயா” என்று சத்தியம் செய்து தந்த துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து நாலு நூலை உருவிக் கொளுத்தினேன். பருத்தியென்றால் காகிதம் எரியும் மணம் வரும், விரலில் தேய்த்தால் சாம்பல் மாவாகப் போகும். இதுவோ சுருண்டு, கரிய மணியாக உருகி, விரலைச் சுட்டது. மனைவி அதைச் சமையலறைக்குக் கைபிடித்துணியாக எடுத்துக்கொண்டார். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். வாங்கும்முன் ஒரு நூல் கேட்டு வாங்கிச் செய்வது இன்னும் நல்லது.

நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும். வெளிச்சத்துக்குப் பிடித்தால் புள்ளிபுள்ளியாகத் தெரியும் துணி ஆகாது. வேட்டித்துணி, பழைய சாரம், சட்டைத்துணி எல்லாம் மெலிது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்குக் காலங்காலமாகப் பேர்போனது கோடு போட்ட தலையணைத் துணி. இறகும் பஞ்சும் வெளியே வராமல் நெருக்கி நெய்தது அது. மருமகனுக்கு இதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் என் முதுகுக்குப் பின்னால் இருந்ததைக் கவனித்தேன். இலவம் பஞ்சு அடைத்த எங்கள் பழைய தலையணையின் உட்துணி, நீலக்கோடு போட்ட அதே இனத்துத் துணி. இலவம் பஞ்சையே வெளியே விடாத நெசவு வாயுவை இலேசில் விடுமா?

புதுத் துணியில் கஞ்சி இருக்கும். சுடுநீரில் சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை துவைத்து, நன்றாக அலசி, வெயிலில் காயவிடுங்கள். துவைத்தால் துணி சுருங்கி நெசவு இன்னும் இறுகும். அளவெடுப்பது அதன் பிறகுதான்.

இப்போது தடிப்பு. இதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. மைக்ரோமீற்றர் ஒன்று வேண்டும், துணியை அதன் தாடையில் இறுக்கி அமுக்கி அளக்க வேண்டும். மருமகனின் துவக்கையே கணக்குக்கு எடுப்போம். அது 50 கலிபர், அதாவது மேட்டிலிருந்து மேட்டுக்குக் குழலின் விட்டம் 12.70 மில்லிமீற்றர். பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ 0.25. குண்டின் விட்டம் 12.45. குண்டுக்கும் மேட்டுக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் 0.125 மில்லிமீற்றர் இடைவெளி. குண்டுக்கும் பள்ளத்தின் அடிக்கும் நடுவே அதோடு 0.25 சேர்த்து, 0.375. அவன் பயன்படுத்திய துணி 0.25 தடிப்பு. மேட்டில் அது நெரிந்து இறுகும், குண்டும் சிரமப்பட்டே இறங்கும். அதனால் “இறுக்கமாகத்தானே இருக்கிறது” என்று அவன் நினைத்திருக்கிறான். பள்ளத்திலோ 0.125 மில்லிமீற்றர் திறந்தே கிடக்கிறது. எங்கள் தலையணைத் துணி அமுக்கி அளந்தபோது 0.46. அது பள்ளத்தை நிரப்பி மிஞ்சும். இறக்கக் கொஞ்சம் கைபலம் வேண்டும், அவ்வளவுதான். உங்கள் குழலின் பள்ள ஆழம் வேறாக இருக்கும். இந்தக் கணக்கை அதற்கேற்பப் போட்டுப் பாருங்கள்.

கடையில் எண்ணெய் தோய்த்தே விற்கும் ஆயத்தத் துணிகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. எத்தனை மாதம் அலுமாரியில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? எண்ணெயில் ஊறி நாட்பட்ட பருத்தி இற்றுப்போகும். பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். ஒரு துண்டை நெடுக்காகவும் குறுக்காகவும் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். கையில் கிழிகிற துணி குழலில் நிற்காது. நீங்களே தோய்த்தாலும் ஒரு பருவத்துக்கு வேண்டியதை மட்டும் தோய்த்து, மூடியிறுகும் தகரப்பேணியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: குழல் வெட்டுகிறதா என்று பார்த்தல்

துணியும் தடிப்பும் சரியாக இருந்தும் கிழியலாம், ஆகவே குழலையும் சோதிக்க வேண்டும். துவக்கில் மருந்தோ குண்டோ இல்லை என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். இடிகோலை வெறுங்குழலின் அடிவரை விட்டு, வாயருகே கோலில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தால், அந்தக் கோடே உள்ளே ஏதும் இருக்கிறதா இல்லையா என்று காட்டிக்கொடுக்கும். மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோக மூடியான வெடித்தொப்பியும் மாட்டியிருக்கக் கூடாது.

பிறகு ஒரு சாண் நீளமான துணி நாடாவை எண்ணெயில் நனைத்துக் குழல்வாயில் போட்டு, குண்டை வைத்து, தொடக்கக் கட்டையால், அதாவது குண்டை வாய்க்குள் அமுக்கும் குட்டைக் கோலால், வாய்க்குக் கீழே இரண்டு விரற்கடைக்கு மேற்படாமல் அமுக்குங்கள். அதற்குமேல் போனால் இழுத்தெடுப்பது பாடாகிவிடும். இப்போது வெளியே நிற்கும் துணியின் இரு முனைகளையும் கையில் சுற்றிப் பிடித்து, நேராக மேலே இழுங்கள். குண்டும் துணியும் சேர்ந்து வரும். துணியை விரித்து வெளிச்சத்துக்குப் பிடியுங்கள்.

நெருப்பே காணாத துணி இது. இதில் வெட்டு இருந்தால், சுடும்முன் இறக்கும்போதே துணி அறுபடுகிறது. மருமகனின் துணியில் ஆறு வெட்டுகள் இருந்தன, நகத்தால் கீறியது போல. குழலில் மேடுகளும் ஆறு.

புதுக் குழல்களில் இது சாதாரணம். குழல்வாயின் உள்விளிம்பு, கடைந்த கூர் போகாமல் இருக்கும். 320 அல்லது 400 இலக்க நீர்மணற்தாளில் ஒரு துண்டை வாயின்மேல் வைத்து, பெருவிரலின் சதைப்பகுதியால் அமுக்கி, கையை அரைவட்டமாகத் திருப்பித் திருப்பித் தேயுங்கள். நூறு திருப்புக்கு ஒருமுறை துவக்கைக் கால்வட்டம் திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் கூடத் தேய்ந்துவிடும். விரல்சதை ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் தானாகப் புகுந்து விளிம்பை மழுக்கும். இயந்திரத்தைக் கொண்டு இதைச் செய்ய நினைக்காதீர்கள். இப்படி ஒரு சுற்று முடிந்ததும் துடைத்து, மறுபடியும் துணியை இழுத்துப் பாருங்கள். வெட்டு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். தேய்த்த தூளைக் குழலுக்குள் விட்டுவைக்கவும் வேண்டாம்.

வாய் வழவழப்பாகியும் உள்ளே ஆழமாக இறக்கும்போது கிழிந்தால், மேடுகளின் ஓரம் கூராக இருக்கிறது, அல்லது துருப்பிடித்துக் குழிந்திருக்கிறது. கூரென்றால் மிக மெல்லிய உருக்குநாரை இடிகோல் நுனியில் சுற்றி, எண்ணெயோடு முழு நீளத்துக்கும் ஐம்பது அறுபது தடவை இழுத்தால் குறையும். சுடச்சுடவும் தானாக மழுங்கும். துருவுக்கு அந்த வைத்தியம் அரைகுறைதான். கருமருந்தின் கசடு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். மாரிகாலத்தில் அப்பா சுட்ட இரவே, எவ்வளவு களைப்பென்றாலும், இடியனைக் கொதிநீரால் கழுவித் துடைத்து எண்ணெய் போட்ட பிறகுதான் சாப்பிட உட்காருவார். அந்தக் குழலின் உட்புறம் இன்றும் கண்ணாடிதான்.

நான்காம் படி: கொழுப்பும் எண்ணெயும்

இந்தத் தொழிலில் ஆளுக்கொரு கைமருந்து உண்டு. ஒருவரும் மற்றவருடையதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: இயந்திரங்களுக்கு விடும் கனிய எண்ணெய்களைத் தவிருங்கள். கருமருந்தின் கசடோடு சேர்ந்தால் அவை தார்போலப் படியும். அந்தப் படிவு அடுத்த துணியை உரசிக் கிழிக்கும். மரத்திலும் விலங்கிலும் தேனீயிலும் இருந்து வருவதே ஏற்றது. விலங்குக் கொழுப்பென்றால் உப்பில்லாததாக இருக்க வேண்டும்.

என் கலவை தேன்மெழுகும் ஒலிவ் எண்ணெயும். கனடாவில் ஒன்றுக்கு நாலு. பனிக்காலத்தில் அதைவிட மெழுகு கூடினால் துணி தகரம்போல விறைத்துவிடும். இங்கே அதே விகிதத்தில் செய்தபோது சித்திரை வெயிலில் பேணிக்குள் எண்ணெயாகவே நின்றது. வன்னிக்கு ஒன்றுக்கு இரண்டு சரி. தேன்மெழுகு உருக 60 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும், ஆகவே அது எண்ணெயைப் பிடித்துவைக்கும். மெழுகுக்கு இங்கே என்ன பஞ்சம்? காட்டுத்தேன் எடுப்பவர்கள் பிழிந்துவிட்டு எறியும் அடையை வாங்கி, நீரில் கொதிக்கவைத்து வடித்தால், ஆறியதும் மேலே மஞ்சள் தட்டாக மிதக்கும். ஒலிவ் எண்ணெய்க்குப் பதில் ஆமணக்கெண்ணெயும் வாய்க்கும். தேங்காயெண்ணெய் 24 பாகையிலேயே உருகிவிடுவதால் இந்த வெயிலுக்கு அது மட்டும் போதாது. மெழுகை நேரடித் தீயில் வைக்க வேண்டாம், சுடுநீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள்.

துணியில் கலவை ஊறியிருக்க வேண்டும், சொட்டக் கூடாது. விரலால் பிழிந்தால் பளபளக்க வேண்டும், துளி விழக் கூடாது. சொட்டினால் எண்ணெய் மருந்துக்குள் இறங்கி அதை நமத்துப்போகச் செய்யும். வரண்டிருந்தால் நெருப்புக்கு இரை. சுடுதளத்தில் அடுத்தடுத்துச் சுடும்போது சிலர் துணியை வாயில் போட்டு எச்சிலால் நனைத்தே இறக்குவார்கள். உடனே சுடுவதென்றால் அது ஆகும், நிரப்பி வைத்திருப்பதென்றால் உள்ளே துருவை வரவேற்பதாகும்.

ஐந்தாம் படி: மருந்துக்கும் துணிக்கும் நடுவே ஒரு தடுப்பு

நடுவில் எரிந்த ஓட்டை இன்னும் போகவில்லையென்றால், முதலில் மருந்தைக் குறையுங்கள். பாதி நோய் அதிலேயே தீரும். துவக்கோடு வந்த கையேடு சொல்லும் குறைந்த அளவிலிருந்து மேலே ஏறுவதுதான் முறை. நிரப்புவது கருமருந்து, அல்லது கையேடு பெயர் சொல்லி அனுமதிக்கும் மாற்றுமருந்து மட்டுமே. இக்காலத் தோட்டாக்களில் வரும் புகையில்லா மருந்து போனால் குழல் வெடிக்கக்கூடும். இதில் வேடிக்கைக்கு இடமில்லை.

குறைத்தும் ஓட்டை விழுந்தால் ஒரு தடுப்பு வையுங்கள். எளியது, குழலின் விட்டத்தைவிட ஒரு மயிரளவு பெரிதாக வெட்டிய 3 மில்லிமீற்றர் தடிப்புக் கம்பளி வட்டு. அசல் கம்பளி ஃபெல்ற், செயற்கையல்ல. அதை இலேசாகக் கொழுப்பில் தோய்த்து மருந்தின்மேல் இறக்கிவிட்டு, பிறகு துணியோடு குண்டை இறக்குங்கள். நெருப்பை வட்டு வாங்கிக்கொள்ளும். எங்கள் ஆட்கள் மருந்தின்மேல் தும்பை இடித்தது இதே நோக்கத்துக்குத்தான் என்று நினைக்கும்போது கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது. ஆனால் புரிக்குழலில் தும்பைப் பரிந்துரைக்க மாட்டேன். அது கனன்றபடி வெளியே விழும்.

இன்னொரு வழி ரவை. கனடாவில் கோதுமைக் கஞ்சிக்கு விற்கும் குறுநொய்யைப் போடுவார்கள், நம் வீட்டு ரவையே அது. மருந்து அளக்கும் குவளையில் மூன்று பங்கு மருந்தென்றால் ஒரு பங்கு ரவை. மருந்தின்மேல் கொட்டி, அதன்மேல் குண்டு. ரவையும் எடைதான், குழலுக்குள் அழுத்தம் கூடும். ஆகவே மருந்தின் அளவைக் குறைத்தே தொடங்க வேண்டும், குண்டு ரவையின்மேல் இறுக உட்காரவும் வேண்டும். கம்பளி வட்டு கிடைக்கும்போது நான் ரவையின் பக்கம் போவதில்லை. உப்புமாவுக்கு இருக்கட்டும்.

ஆறாம் படி: நிரப்பும் கை

நல்ல துணியையும் கெட்ட கை கிழித்துவிடும். மருந்தைக் கொம்பிலிருந்தோ குப்பியிலிருந்தோ நேரே குழலுக்குள் ஊற்றாதீர்கள். உள்ளே ஒரு பொறி கனன்றுகொண்டிருந்தால் குப்பி முழுவதும் உங்கள் கையில் வெடிக்கும். தனிக் குவளையில் அளந்து ஊற்றுங்கள். முகமோ நெஞ்சோ குழல்வாய்க்கு நேரே வரக் கூடாது.

துணி மையத்தில் உட்கார வேண்டும். 50 கலிபருக்கு 30 மில்லிமீற்றர் வட்டம் பொருந்தும். வட்டமாக வெட்டச் சலிப்பாக இருந்தால் நாடாவாகவே வைத்து, குண்டைக் குழல்வாய் மட்டத்துக்கு அமுக்கி, மிஞ்சிய துணியை மேலே திரட்டிப் பிடித்துக் கூரான கத்தியால் வாயோடு அறுத்துவிடலாம். மையம் பிசகவே பிசகாது. வார்த்த குண்டில் ஈயம் ஊற்றிய தழும்பு இருந்தால் அது மேலே, சரியாக நடுவில் இருக்கட்டும்.

தொடக்கக் கட்டையால் ஒரே அமுக்கு, பிறகு இடிகோலால் ஒரே சீரான தள்ளு. கோலை உச்சியில் பிடித்துத் தள்ளினால் வளைந்து முறியும், அதனால் ஒரு சாண் ஒரு சாணாகப் பிடியுங்கள். அடியில் போனதும் குண்டு மருந்தின்மேல் உட்கார்ந்ததைக் கோலில் போட்ட இரண்டாவது கோட்டால் உறுதிசெய்யுங்கள். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வெளி விட்டுச் சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் கூடும். உட்கார்ந்த பிறகு கோலைத் தூக்கித் தூக்கிக் குத்துவதில் ஒரு பயனும் இல்லை. குண்டு நசுங்கும், துணி நொந்துபோகும். பெயர் இடியன் என்பதற்காக இடித்தே ஆக வேண்டுமா?

ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் ஈரமாக்கிப் பிழிந்த துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை குழலைத் துடையுங்கள். கசடு வளையமாகத் திரண்டு நின்றால் அடுத்த துணி அதில் உரசியே கிழியும். தொப்பி வெடித்தும் மருந்து பற்றாவிட்டால் துவக்கை இறக்காதீர்கள். குறிப்பக்கமே நீட்டியபடி ஒன்றிரண்டு நிமிடம் காத்திருங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் வாயில் வைக்கவும் வேண்டாம்.

விழுந்த துணியில் நெருப்பு

வெளியே விழும் துணி சிலவேளை கனன்றுகொண்டிருக்கும். கனடாவின் ஈரப்புல்லில் அது பெரிய விடயமில்லை. இங்கே ஆனி, ஆடியில் சோளகம் வீசும்போது இலுக்குப்புல் காகிதமாகக் காய்ந்திருக்கும். ஒரு பொறி விழுந்தால் வயல்கரை தொடங்கிக் காட்டுக்கரை வரை போய்விடும். முன்னால் 15 மீற்றருக்குப் புல்லைச் செருக்கி, ஒரு வாளி தண்ணீரை அருகில் வையுங்கள். விழுந்த ஒவ்வொன்றையும் தேடி எடுத்து மிதித்து அணையுங்கள். காற்று எழுந்துவிட்டால் அன்று சுடாதீர்கள்.

எதை முதலில் மாற்றுவது

மருமகன் முதற்கிழமையிலேயே துணி, எண்ணெய், மருந்து மூன்றையும் ஒரே நாளில் மாற்றினான். குண்டுகள் கொஞ்சம் நெருங்கின. எதனால் என்று கேட்டேன். பதில் இல்லை. ஒன்றை மாற்றி, ஐந்து சுட்டு, ஐந்தையும் பொறுக்கிப் பார்த்து எழுதிய பிறகே அடுத்ததை மாற்றச் சொன்னேன். நான் படிகளை எழுதிய வரிசை வேறு, மாற்றும் வரிசை வேறு. முதலில் குழல்வாய், அது கூராக இருக்கும்வரை மற்றெதுவும் உண்மையைச் சொல்லாது. அடுத்தது துணியின் தடிப்பு. பிறகு கொழுப்பு. மருந்தின் அளவைத் தொடுவது அதற்குப் பிறகு, தடுப்பு வட்டு கடைசியில்.

அவன் பெருவிரல் வலிக்க இரண்டு மாலை தேய்த்தான். ஆறு வெட்டுகளும் போயின. நடுவில் ஓட்டை மட்டும் நின்றது. அவனுடைய ஆயத்தத் துணிப்பெட்டி மூன்று ஆண்டுகளாகக் கராஜில் கிடந்தது என்பதைப் பிறகுதான் மெதுவாகச் சொன்னான். ஊருக்கு வந்து திரும்பிய உறவினர் ஒருவரின் பையில் தலையணைத் துணியைத் துவைத்து மடித்துக் கொடுத்தனுப்பினேன். உள்ளே இருந்த இலவம் பஞ்சு இப்போது எங்கள் அறை மூலையில் ஒரு சாக்கில் இருக்கிறது.

ஆவணியில் நாலாவது படம் வந்தது. பலகையில் ஐந்து துணிகள், ஐந்தும் முழுசு, ஐந்திலும் நீலக்கோட்டின்மேல் புரியின் தடம். பக்கத்தில் குறித்தாள், ஐந்து ஓட்டைகளையும் ஒரு தேநீர்க் குவளையால் மூடலாம். கீழே எழுதியிருந்தான்: “மாமா, இதே துணியில் இன்னும் கொஞ்சம் கிடைக்குமோ? மாமியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.”

மாமியிடம் கேட்டேன். மிச்சமிருக்கும் ஒற்றைத் தலையணையை அவர் இரவில் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டுகிறார்.